கவச வீரன் கோட்டைக்குள் ஓடி நண்பனை மீட்கும் கேம்: ஸ்கிராச்சில் செய்ய முழுமையான வழிகாட்டி

தக்கலை பக்கம் விடுமுறை வகுப்புகளில் பிள்ளைகளுக்கு ஸ்கிராச் (கட்டளை பிளாக்குகளை அடுக்கி கேம் செய்யும் செயலி) சொல்லித் தருகிறேன். என்ன கேம் வேண்டும் என்று கேட்டால் பாதிப் பேர் சொல்வது இதைத்தான்: இரும்புக் கவசம் போட்ட ஹீரோ, உள்ளே நுழைந்தால் எங்கு பார்த்தாலும் பொறி, கடைசி அறையில் மாட்டிக்கொண்ட நண்பன், அவனை மீட்க ஒரே ஓட்டம். சொன்ன கையோடு கவசத்தை வரைய உட்கார்ந்துவிடுகிறார்கள். தோள்பட்டைக்கு மினுமினுப்பு வைத்து முடிக்கும்போது வகுப்பு நேரம் போய்விடும். ஹீரோவுக்குக் குதிக்கத் தெரியாது.

அதனால் இங்கே வரிசை வேறு. முதலில் ஓட்டம், பிறகு சுவர், அதன் பிறகு பொறி. கவசம் கிட்டத்தட்ட கடைசியில்தான் வரும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கம்ப்யூட்டரில் ஸ்கிராச் செயலி. இணையம் விட்டு விட்டு வரும் ஊர்களில் இறக்கி நிறுவிக்கொள்ளும் ஆஃப்லைன் பதிப்பே நல்லது. ஆனால் அது தானாகச் சேமிக்காது. மழை இறங்கினால் கரன்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு படி முடிந்ததும் கோப்பைப் புதுப் பெயரில் சேமியுங்கள். கோட்டை1, கோட்டை2 என்று வரிசையாக இருந்தால், ஏதாவது உடையும்போது உடையாத நிலைக்குத் திரும்பிப் போகலாம்.

கட்டம் போட்ட கணக்கு நோட்டு, பென்சில், ரப்பர்.

தமிழில் தட்டச்சு செய்யும் வசதி ஓடிக்கொண்டிருந்தால் எழுத்து விசைகளால் ஹீரோவை நகர்த்த முடியாது. கம்ப்யூட்டர் அதைத் தமிழ் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். அம்பு விசைகளுக்கு இந்தத் தொந்தரவு இல்லை. ஆகவே முழு கேமும் அம்பு விசைகளில். வேரியபிள்களின் (எண்களை நினைவில் வைத்திருக்கும் பெட்டிகள்) பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், ஸ்கிராச் ஏற்றுக்கொள்ளும்.

2. கோட்டையைத் தாளில் போடுங்கள்

ஸ்கிராச் மேடையின் அகலம் 480, உயரம் 360. நோட்டில் ஒரு கட்டம் 20 என்று வைத்தால் ஓர் அறைக்கு 24 கட்டம் அகலம், 18 கட்டம் உயரம். நோட்டின் ஒரு பக்கத்தில் ஓர் அறை.

வரையும்போது இரண்டு எண்கள் நினைவில் இருக்கட்டும். நான்காம் படியில் தரப்போகும் குதியில் ஹீரோ 66 புள்ளி உயரம் எழும்புவான், குறுக்கே 115 புள்ளி கடப்பான். எனவே ஹீரோ ஏறி நிற்கும் திண்ணையின் உயரம் 3 கட்டத்தைத் தாண்டக் கூடாது. குழியின் அகலம் முதல் அறைகளில் 4 கட்டம், கடைசி அறையில் 5 கட்டம். இந்தக் கணக்கு இல்லாமல் வரைந்தால், பொறிகளெல்லாம் வைத்து முடித்த பிறகு ஏதோ ஒரு குழியைத் தாண்டவே முடியாது என்று தெரியவரும். அப்போது அறையை முழுசாக மாற்ற வேண்டும்.

அறைகளைக் கற்பனையிலிருந்து எடுப்பதைவிட, ஒருமுறை நேரில் போய்ப் பார்ப்பது நல்லது. நம் குமரி மாவட்டத்தில் அதற்குக் குறைவில்லை. புலியூர்குறிச்சியில் உதயகிரிக் கோட்டையின் கருங்கல் மதில், கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் கடலைத் தொட்டு நிற்கும் வட்டக்கோட்டை, தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனை. வெளி மதிலுக்கு உதயகிரி, மேலே ஏறும் சரிவுக்கு வட்டக்கோட்டை, உள்ளறைகளுக்கும் இருண்ட நடைவழிகளுக்கும் பத்மநாபபுரம். அரண்மனைக்குத் திங்கட்கிழமை போய் நிற்காதீர்கள், அன்று விடுமுறை. பார்க்கும்போது கல் எப்படி அடுக்கியிருக்கிறது, வாசல் எவ்வளவு தாழ்வு, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள்.

3. ஹீரோவுக்குப் பதில் ஒரு கட்டை

புது ஸ்பிரைட் (மேடையில் அசையும் உருவம்) ஒன்று எடுத்து, 20 அகலம் 40 உயரத்தில் ஒரு செவ்வகம் வரையுங்கள். நடுப்புள்ளி செவ்வகத்தின் நடுவிலேயே இருக்க வேண்டும். பெயர்: கட்டை.

மோதல், விழுதல், அடிபடுதல் எல்லாம் இந்தக் கட்டைக்குத்தான். ஹீரோவின் படம் வேறு ஸ்பிரைட்டாக இதன் மேல் ஒட்டிக்கொண்டு வரும். காரணம் இருக்கிறது. ஓடும்போது படத்தில் கை நீளும், கால் விரியும், காஸ்ட்யூம் (ஸ்பிரைட்டின் தோற்றப் படம்) மாறும்போதெல்லாம் உருவத்தின் அகலமும் மாறும். அப்படி நீளும் கை சுவருக்குள் போய்விட்டால் ஹீரோ அங்கேயே சிக்கிக்கொள்வான். "அண்ணே, இவன் செவத்துக்குள்ள போயி மாட்டிக்கிட்டு நிக்கான்" என்று யாராவது கூப்பிட்டால், போய்ப் பார்க்காமலேயே சொல்லிவிடலாம்: படத்தை வைத்தே மோதலைப் பார்த்திருக்கிறார்கள்.

கடைசியில் கட்டையைப் பார்வையிலிருந்து எடுக்க 'ஹைட்' போடாதீர்கள். ஹைட் போட்ட ஸ்பிரைட்டைத் தொட்டதாக மற்றவற்றுக்குக் கணக்கு வராது. 'கோஸ்ட்' எஃபெக்ட்டை 100 ஆக்குங்கள். கண்ணுக்குத் தெரியாது, மோதல் மட்டும் நடக்கும்.

4. ஓட்டமும் குதியும்

இந்தப் படியில் நேரம் செலவழியுங்கள். மற்ற எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

சோதனைக்கு 'சுவர்' என்று ஒரு ஸ்பிரைட். அதில் கீழே ஒரு தரை, வலப்பக்கம் ஒரு தூண், நடுவில் ஒரு திண்ணை. இப்போதைக்கு இது போதும். 'ஒய் வேகம்', 'தரை' என்று இரண்டு வேரியபிள்கள் உண்டாக்குங்கள். (எக்ஸ் என்பது இட-வல இடம், ஒய் என்பது மேல்-கீழ் இடம்.)

கட்டைக்குள் ஒரே ஒரு 'ஃபாரெவர்' (உள்ளே இருப்பதை நிற்காமல் திரும்பத் திரும்பச் செய்யும் பிளாக்). ஒவ்வொரு சுற்றிலும் இந்த வரிசை:

அ) வலது அம்பு அழுத்தியிருந்தால் எக்ஸ் 5 கூட்டு, இடது என்றால் 5 கழி. உடனே சுவரைத் தொடுகிறதா பார். தொட்டால் நகர்ந்த 5-ஐத் திருப்பிக் கொடு.

ஆ) 'தரை'யை 0 ஆக்கு. 'ஒய் வேக'த்தில் 1 கழி. ஒய்யை அந்த வேகத்தின் அளவு மாற்று.

இ) சுவரைத் தொட்டால்: வேகம் 0-க்குக் கீழே இருந்தால், தொடுவது நிற்கும் வரைக்கும் ஒய்யை 1, 1 ஆக ஏற்று, பிறகு 'தரை'யை 1 ஆக்கு. வேகம் 0-க்கு மேலே இருந்தால் தலை முட்டியிருக்கிறது. தொடுவது நிற்கும் வரைக்கும் 1, 1 ஆக இறக்கு. இரண்டிலும் முடிவில் வேகம் 0.

ஈ) மேல் அம்பு அழுத்தியிருந்து 'தரை' 1 என்றால், வேகத்தை 12 ஆக்கு.

அடுத்த சுற்றில் வேகம் 11 ஆகும், பிறகு 10, 9 என்று 1 வரை இறங்கும். எல்லாம் கூட்டினால் 66. ஏறி இறங்க 23 சுற்று; ஒரு சுற்றுக்கு 5 என்றால் 115. இரண்டாம் படியில் சொன்ன எண்கள் இங்கிருந்துதான் வந்தன. 12-ஐ மாற்றினால் தாளில் போட்ட குழிகளையும் மாற்ற வேண்டும் என்பதும் இதனால்தான்.

எக்ஸ் மோதலையும் ஒய் மோதலையும் சேர்த்து ஒரே இடத்தில் பார்க்க வேண்டாம். சேர்த்துப் பார்த்தால், குதிக்கும்போது தூணை நோக்கி அம்பை அழுத்திப் பிடித்தவுடன் வேகம் 0 ஆகி ஹீரோ பல்லி போல் தூணில் ஒட்டிக்கொள்வான். பிள்ளைகள் இதை ரசிக்கிறார்கள், ஆனால் அடுத்த அறையில் எந்தப் பொறியும் வேலை செய்யாது; எல்லாச் சுவரிலும் ஏறிப் போய்விடலாம்.

அசைவுக்கு 'வென் கீ பிரஸ்டு' தொப்பி பிளாக்கைப் பயன்படுத்த வேண்டாம். ஒருமுறை நகர்ந்து, ஒரு கணம் நின்று, பிறகுதான் தொடர்ந்து ஓடும். சென்சிங் பகுதியில் உள்ள 'கீ பிரஸ்டு' கேள்வியை ஃபாரெவருக்குள் வைத்தால் அந்தத் தயக்கம் இருக்காது.

இ) பகுதியை 'மை பிளாக்ஸ்' வழியாகத் தனி பிளாக்காகச் செய்து, 'ரன் விதவுட் ஸ்கிரீன் ரிஃப்ரெஷ்' என்பதை டிக் செய்யுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு 1 ஏறுவதும் திரையில் தெரியும், ஹீரோ தரையிலிருந்து முளைப்பது போல இருக்கும்.

வட்டக்கோட்டைச் சரிவு மாதிரி ஒன்று வேண்டும் என்றால் அ) பகுதியில் ஒரு சிறு மாற்றம். சுவரைத் தொட்டவுடன் திரும்ப வேண்டாம். தொட்டுக்கொண்டிருக்கும் வரை, அதிகபட்சம் 6 முறை, ஒய்யை 1 ஏற்றிப் பார். அப்படியும் தொட்டுக்கொண்டிருந்தால் ஏறியதை இறக்கி, 5-ஐத் திருப்பு. சரிவில் ஹீரோ ஏறுவான், தூணில் நிற்பான்.

சாம்பல் கட்டை ஒன்று வெறும் தரையில் ஓடுவதே விளையாட நன்றாக இருக்கும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

5. சுவர் வேறு, காட்சி வேறு

இப்போது தாளில் உள்ள அறைகளைச் 'சுவர்' ஸ்பிரைட்டின் காஸ்ட்யூம்களாக வரையுங்கள். ஓர் அறைக்கு ஒரு காஸ்ட்யூம். நேர்கோடுகள், ஒரே நிறம். கல் இடுக்கு, பாசி, செடி, கொடி எதுவும் இதில் வேண்டாம். அவையெல்லாம் பேக்டிராப்பில் (மேடையின் பின்னணிப் படம்). சுவரில் ஒரு புல் வரைந்தால் அந்தப் புல்லும் ஹீரோவைத் தடுக்கும்.

உதயகிரி மதிலைப் போனில் படமெடுத்து பேக்டிராப்பாகப் போடுவது அழகாகத்தான் இருக்கும். ஆனால் அப்படியே போட்டால் பொறிகள் கல்லோடு கல்லாக மறைந்துவிடும். மேடையில் 'பிரைட்னஸ்' எஃபெக்ட்டை -40 அளவுக்கு இறக்குங்கள். பின்னணி மங்கி, முன்னால் இருப்பவை எடுப்பாகத் தெரியும்.

6. அறைக்கு அறை

திரை நகரும் கேம் செய்ய எல்லோருக்கும் ஆசை. முதல் கேமில் அது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஸ்கிராச் எந்த ஸ்பிரைட்டையும் மேடைக்கு வெளியே முழுசாகப் போக விடாது. அதைச் சமாளிக்கவே தனி வித்தை வேண்டும். அறை அறையாக மாறினால் கோட்டைக்குள் ஓடும் உணர்வு குறையாது.

'அறை' என்று ஒரு வேரியபிள். கட்டையின் எக்ஸ் 230-ஐத் தாண்டினால் அறையில் 1 கூட்டு, எக்ஸை -225 ஆக்கு, 'அறை மாறியது' என்று பிராட்காஸ்ட் செய். சுவரும் பொறிகளும் அதைக் கேட்டு மாறிக்கொள்ளும். நுழைந்த இடத்தின் எக்ஸ், ஒய் இரண்டையும் வேரியபிள்களில் வைத்துக்கொள்ளுங்கள், குழியில் விழுந்தால் அங்கேதான் திரும்ப வர வேண்டும்.

இங்கே வரும் பெரிய கோளாறு: அடுத்த அறைக்குப் போனதும் கேம் உறைந்து நிற்கும். ஹீரோ சுவருக்குள்ளேயே பிறந்திருக்கிறான்; 'தொடுவது நிற்கும் வரைக்கும் ஏற்று' என்ற கட்டளைக்கு முடிவே வரவில்லை. ஓர் அறையின் வெளிவாசலும் அடுத்த அறையின் உள்வாசலும் ஒரே உயரத்தில் இருந்தால் இது வராது. முந்தைய காஸ்ட்யூமை டூப்ளிகேட் செய்து அதன் மேல் வரைவது எளிது.

7. பொறிகள்

ஒரு விதி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: பொறி கொல்வதற்கு முன் தன்னைக் காட்ட வேண்டும். கண்ணால் பார்த்து விரல் அசைய ஏறத்தாழ கால் நொடி ஆகும். அதைவிடக் குறைவான எச்சரிக்கை கொடுத்தால், விளையாடுகிறவர் எவ்வளவு கவனமாக இருந்தும் சாவார். இரண்டு தடவை அப்படி ஆனால் கேமை மூடிவிடுவார். நான் அரை நொடி கொடுக்கச் சொல்வேன்.

ஈட்டி முள். அசையாது. வரைந்த முள்ளின் ஓரத்தைவிட அடிபடும் பகுதி கொஞ்சம் சிறியதாக இருக்கட்டும். கட்டை, படத்தைவிட ஒடுக்கமாக இருப்பதால் இது பாதி தானாகவே நடந்துவிடும்.

ஆடும் கோடரி. காஸ்ட்யூமில் கோடரியைக் கீழ்நோக்கித் தொங்குவதாக வரைந்து, நடுப்புள்ளியைப் பிடியின் மேல் நுனியில் வையுங்கள். நடுவில் வைத்தால் விசிறி மாதிரி சுற்றும். திசையை 90 + 40 × சைன்(டைமர் × 120) என்று கொடுங்கள். ஸ்கிராச்சில் சைன் டிகிரியில் இயங்குவதால் 3 நொடிக்கு ஒரு முழு ஆட்டம். பக்கத்துக்கு 40 டிகிரி. அறை மாறும்போதும் ஹீரோ திரும்பப் பிறக்கும்போதும் டைமரை ரீசெட் செய்யுங்கள். அப்போதுதான் ஒவ்வொரு முறையும் கோடரி ஒரே இடத்திலிருந்து தொடங்கும், விளையாடுகிறவர் தாளம் பிடிக்க முடியும்.

விழும் கல். கட்டையின் எக்ஸுக்கும் கல்லின் எக்ஸுக்கும் இடைவெளி 40-க்குள் வந்ததும் உடனே விழ விடாதீர்கள். அரை நொடி இடமும் வலமும் 2 புள்ளி நடுங்கட்டும், பிறகு விழட்டும். இந்த நடுக்கம்தான் எச்சரிக்கை. தூசி நாலு புள்ளி உதிர்ந்தால் இன்னும் நல்லது.

அம்பு. குளோன்களால் (கேம் ஓடும்போதே உண்டாகும் ஸ்பிரைட் நகல்கள்) செய்வது. மூலத்தை மறைத்துவைத்து, சுவரில் உள்ள துளை அரை நொடி சிவந்த பிறகு ஒரு குளோன் புறப்பட வேண்டும். சுவரைத் தொட்டதும் குளோனை அழிக்கச் சொல்வோம். துளைக்குள்ளேயே பிறந்தால் பிறந்த கணமே அழிந்துவிடும்; அம்பு வரவே வராது. 20 புள்ளி தள்ளிப் பிறக்க விடுங்கள். அழிக்க மறந்தால் குளோன்கள் சேர்ந்துகொண்டே போய் 300-ஐத் தொட்டதும் ஸ்கிராச் புதிதாகத் தருவதை நிறுத்திவிடும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. 'அறை மாறியது' கேட்டாலும் குளோன் அழிய வேண்டும்; இல்லையென்றால் பழைய அறையின் அம்பு புது அறையில் பறக்கும்.

எந்த வரிசையில் வைப்பது? முதல் அறையில் குழி மட்டும். அடுத்து முள் தனியாக, அதற்கடுத்து கோடரி தனியாக. ஒவ்வொன்றையும் தனியாகச் சந்தித்த பிறகுதான் இரண்டைச் சேர்க்கலாம். நான்காம் அறையில் கல்லும் முள்ளும், ஐந்தாவதில் அம்பும் கோடரியும். பிள்ளைகள் முதல் அறையிலேயே எல்லாவற்றையும் கொட்டுவார்கள். அங்கேயே எல்லோரும் செத்துப்போனால் பின்னால் உள்ள அறைகளை யாரும் பார்க்கப்போவதில்லை.

8. கவசம்

இப்போது ஹீரோவை வரையலாம். கோட்டை சாம்பல் நிறம் என்றால் கவசம் சாம்பலில் வேண்டாம். சிவப்போ மஞ்சளோ வைத்தால் மதிலின் முன்னால் துலங்கித் தெரியும்.

படத்தின் ரொட்டேஷன் ஸ்டைலை 'லெஃப்ட் ரைட்' ஆக்குங்கள். மறந்தால் இடப்பக்கம் திரும்பும்போது தலைகீழாக ஓடுவான். கட்டையின் ஃபாரெவர் முடியும் இடத்தில் 'உடுத்து' என்று பிராட்காஸ்ட் செய்து, அதைக் கேட்டதும் படம் கட்டையின் இடத்துக்கு வரட்டும். படத்துக்குத் தனி ஃபாரெவர் போட்டால் சில நேரம் கட்டைக்கு ஒரு சுற்று பிந்தி இழுபடும்.

கவசத்தை வெறும் அலங்காரமாக விடாதீர்கள். 'கவசம்' என்ற வேரியபிள் 3-ல் தொடங்கட்டும். ஒவ்வோர் அடிக்கும் 1 குறையும். தலைக்கவசம் போகும், பிறகு தோள், பிறகு மார்பு. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு காஸ்ட்யூம். எத்தனை உயிர் மிச்சம் என்று மூலையில் எழுத வேண்டியதில்லை, ஆளைப் பார்த்தாலே தெரியும்.

இதில் எல்லோரும் விழும் இடம் ஒன்று உண்டு. முள்ளை ஒருமுறை தொட்டவுடன் மூன்று கவசமும் ஒன்றாகப் போய்விடும். ஃபாரெவர் நொடிக்கு 30 முறை சுற்றுகிறது. முள்ளின் மேல் நிற்கும் ஒவ்வொரு சுற்றும் ஓர் அடி. மூன்று கவசமும் நொடியில் பத்தில் ஒரு பங்கில் கழன்றுவிடும். 'காப்பு' என்று இன்னொரு வேரியபிள் வையுங்கள். அடிபட்டதும் அது 30 ஆகும், ஒவ்வொரு சுற்றிலும் 1 குறையும், 0 ஆகும் வரை அடுத்த அடி கணக்கில் வராது. அந்த ஒரு நொடியும் ஹீரோவின் படம் மின்னட்டும்.

குழிக்கு: கட்டையின் ஒய் -170-க்குக் கீழே போனால் ஒரு கவசம் போகும், அறை வாசலுக்குத் திரும்புவான்.

9. நண்பன்

நண்பனைக் கடைசி அறையில் மட்டும் வைக்காதீர்கள். முதல் அறையின் பேக்டிராப்பில், தூரத்து மாடத்தின் அழிக் கம்பிகளுக்குப் பின்னால் அவன் கையசைப்பது தெரியட்டும். எதற்காக ஓடுகிறோம் என்று அப்போதே தெரிந்துவிடும்.

கடைசி அறையில் கட்டை அவனைத் தொட்டதும் நடக்க வேண்டியது ஒரு வரிசையில் வரட்டும்: பொறிகள் நிற்க வேண்டும், பிறகு கூண்டு திறக்க வேண்டும், அதன் பிறகுதான் அவன் பேச வேண்டும். வரிசை மாறினால் நண்பன் "வந்துட்டியா மக்கா!" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து அம்பு வந்து ஹீரோவைச் சாய்க்கும்.

10. நேரம்

ஓட்டம் என்றால் நேரம் தெரிய வேண்டும். ஸ்கிராச்சின் டைமரை இதற்கு எடுக்க முடியாது. அது ஒன்றே ஒன்றுதான்; கோடரிக்காக அறைக்கு அறை அதை ரீசெட் செய்கிறோம். அதற்குப் பதில் 'டேஸ் சின்ஸ் 2000' பிளாக். பச்சைக் கொடி அழுத்தியதும் அதன் மதிப்பை 'தொடக்கம்' என்ற வேரியபிளில் வையுங்கள். நண்பனைத் தொட்டதும், இப்போதைய மதிப்பிலிருந்து தொடக்கத்தைக் கழித்து 86400-ஆல் பெருக்கினால் நொடிகள் கிடைக்கும். ஒரு நாளுக்கு அத்தனை நொடி.

11. அடுத்தவர் கையில் கொடுங்கள்

செய்தவருக்கு எல்லாப் பொறியும் எங்கே என்று தெரியும், அதனால் கேம் அவருக்கு எப்போதும் சுலபம். இதுவரை பார்க்காத ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் நில்லுங்கள். வாயைத் திறக்கக் கூடாது. "இப்ப குதி" என்று ஒரு வார்த்தை சொன்னாலும் சோதனை கெட்டுவிடும். நோட்டில் உள்ள அறைப்படத்தில், அவர் விழுந்த இடத்திலெல்லாம் ஒரு புள்ளி வையுங்கள்.

புள்ளிகள் ஒரே இடத்தில் குவிந்தால் அங்கே எச்சரிக்கை போதவில்லை அல்லது குழி அரைக் கட்டம் கூடுதல் அகலம். அரை நொடியை முக்கால் ஆக்கிப் பாருங்கள், குழியை ஒரு கட்டம் சுருக்கிப் பாருங்கள். இரண்டையும் ஒரே சமயத்தில் மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது. மாற்றிய பிறகு மறுபடி அதே ஆளிடம் கொடுக்காதீர்கள், அவருக்கு இப்போது வழி தெரியும். வேறொருவரைக் கூப்பிடுங்கள்.